பெரிசைட் போன பிறகும் கசியாத நாளங்கள்

ரத்தத் தந்துகிகளைப் பற்றிய பாடங்களில் பெரிசைட்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்: தந்துகிச் சுவரை வெளியிலிருந்து அணைத்துப் பிடித்து, அது வெடித்துவிடாமல் தாங்கும் செல். மரப்பீப்பாயைச் சுற்றிய இரும்புப் பட்டை மாதிரி. படத்தில் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். நாளத்தின் உட்சுவராக அமையும் எண்டோதீலிய செல்கள் உருட்டிய குழாயாக இருக்கும், அதன் மேல் நீண்ட கால்களைப் பரப்பியபடி ஒரு செல் உட்கார்ந்திருக்கும். பட்டை கழன்றால் பீப்பாய் பிளக்கும், பெரிசைட் செத்தால் நாளம் கசியும். கேட்டவுடன் மனம் ஏற்றுக்கொள்கிற விளக்கம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்பதில்லை, அதுதான் எனக்கு நெடுநாளாக உறுத்தல்.

ஒரு குழாயின் சுவரில் விழும் இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். இது லாப்லாஸ் விதி. தந்துகியில் அழுத்தம் சுமார் 25 மி.மீ. பாதரசம், அதாவது ஏறக்குறைய 3,300 பாஸ்கல். ஆரம் 3 மைக்ரோமீட்டர். பெருக்கினால் மீட்டருக்கு 0.01 நியூட்டன். பெருந்தமனியில் சராசரி அழுத்தம் 100 மி.மீ., ஆரம் 12 மி.மீ. என்று வைத்தால் மீட்டருக்கு 160 நியூட்டன். 16,000 மடங்கு வித்தியாசம். தந்துகிச் சுவர் மிக மெல்லியது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அதைச் சுற்றியிருக்கும் அடித்தளச் சவ்வின் கொலாஜன்-4 வலை இந்தச் சுமையைத் தனியாகவே தாங்கிவிடும். இன்னொன்றும் இடிக்கிறது. பெரிசைட்டுகள் மிக நெருக்கமாக இருப்பது விழித்திரையிலும் மூளையிலும். விழித்திரையில் எண்டோதீலிய செல் ஒன்றுக்குப் பெரிசைட் ஒன்று என்ற விகிதம். எலும்புத் தசையிலோ 100 எண்டோதீலிய செல்களுக்கு ஒன்று என்ற அளவுக்குக்கூடப் போகும். விழித்திரை நாளங்களுக்கு வெளியிலிருந்து கண்ணின் உள்ளழுத்தமே 15 மி.மீ. அளவுக்கு முட்டுக் கொடுக்கிறது. வெடிக்கும் அபாயம் குறைவான இடத்தில் இத்தனை காவல் எதற்கு? நிற்கும்போது அழுத்தம் கூடுகிற உடலின் கீழ்ப்பகுதிகளில் பெரிசைட் போர்வை சற்று அதிகம் என்பதும் உண்மை. ஆக, பட்டை உவமை முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அதை வைத்து விழித்திரையை விளக்க முடியாது.

அப்படியானால் பெரிசைட் காக்கும் 'உறுதி' என்பதுதான் என்ன?

ஒட்டியிருக்கும் விதம்

முதலில் அது எங்கே இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். பெரிசைட் நாளத்துக்கு வெளியே இருக்கும் செல் அல்ல. எண்டோதீலியத்தைச் சுற்றிய அடித்தளச் சவ்வு இரண்டாகப் பிரிந்து, பெரிசைட்டையும் தனக்குள் பொதிந்துகொள்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தப் பொதிவைப் பார்க்காமல் ஒரு செல்லைப் பெரிசைட் என்று உறுதியாகச் சொல்வது கடினம். சவ்வில் ஆங்காங்கே ஓட்டைகள் உண்டு. அந்த ஓட்டைகள் வழியே பெரிசைட்டின் விரல் போன்ற நீட்சி எண்டோதீலிய செல்லின் குழிக்குள் முளையடித்த மாதிரி இறங்கும். அங்கே என்-கேடெரின் என்ற ஒட்டுப் புரதம் இரண்டையும் பூட்டுகிறது. கனெக்சின்-43 என்ற புரதம் அமைக்கும் துளைகள் வழியே அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் நேரடியாகக் கைமாறுகின்றன. ஒரே பெரிசைட் தன் நீண்ட கால்களால் பல எண்டோதீலிய செல்களை ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும். தாங்குவது மட்டுமே வேலை என்றால் இத்தனை துளைகளும் கைமாற்றமும் தேவைப்படாது.

இந்தச் செல்லை நாளத்துக்கு அழைத்துவருவது பிடிஜிஎஃப்-பி என்ற வளர்ச்சிக் காரணி. புதிதாக முளைக்கும் நாளத்தின் எண்டோதீலிய செல்கள், குறிப்பாக முனையில் இருப்பவை, இதைச் சுரக்கின்றன. பெரிசைட்டின் மேல் அதற்கான பீட்டா ஏற்பி இருக்கிறது. சுரந்த காரணி கரைந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக, அதன் வாலில் ஒரு சிறு பகுதி செல்களைச் சுற்றியிருக்கும் ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியோடு ஒட்டிக்கொண்டு நாளத்தின் அருகிலேயே நிற்கும். எலிகளில் அந்த வால் பகுதியை மட்டும் வெட்டியபோது, காரணி சுரந்தும் பலன் முழுமையாகக் கிடைக்கவில்லை. பெரிசைட்டுகள் குறைந்தன, வந்தவையும் சுவரோடு ஒட்டாமல் கால்களை விலக்கி நின்றன. எவ்வளவு சுரக்கிறது என்பதோடு, எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம் என்பதை இந்தச் சோதனை காட்டியது. சிகிச்சை பற்றி யோசிக்கும்போது இது மறுபடியும் குறுக்கே வரும்.

பெரிசைட் வந்து தொட்டதும் மாற்றங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. உறங்கும் நிலையில் சுரக்கப்படும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம், இரு செல்களும் தொட்டுக்கொண்டால்தான் விழித்தெழுகிறது. அது எண்டோதீலிய செல்லின் பெருக்கத்தை நிறுத்துகிறது. 1980-களின் கடைசியில் நடந்த கூட்டு வளர்ப்புச் சோதனைகளில், இரண்டு செல்களையும் ஒரே தட்டில் தொடும்படி வளர்த்தால் பெருக்கம் நின்றது, தொடாமல் வைத்தால் நிற்கவில்லை. அடுத்து இருவரும் சேர்ந்து அடித்தளச் சவ்வைக் கட்டுகிறார்கள். ஃபைப்ரோநெக்டின், லாமினின், கொலாஜன்-4 எல்லாம் இந்தக் கூட்டு வேலையில்தான் ஒழுங்காகப் படிகின்றன. பெரிசைட் சுரக்கும் டிம்ப்-3 என்ற தடுப்பான், அந்தச் சவ்வைக் கரைக்கும் நொதிகளை அடக்கி வைக்கிறது. மூன்றாவதாக, பெரிசைட் ஆஞ்சியோபாயட்டின்-1 என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது எண்டோதீலிய செல்லின் டை-2 ஏற்பியில் உட்கார்ந்து, 'அமைதியாக இரு' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றாவதில்தான் என் கேள்விக்கான விடை இருப்பதாக நினைக்கிறேன். அதற்கு முன் பெரிசைட் இல்லாமல் போவதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

விழித்திரையைக் கரைத்து நாளங்களை மட்டும் மிச்சம் வைப்பது

1870-களில் ரூஜே இந்தச் செல்களை விவரித்தார். 1923-இல் சிம்மர்மன் இன்றைய பெயரை வைத்தார். நோயோடு அதை இணைத்தது கோகன், டூசான், குவாபரா மூவரின் 1961 ஆய்வு. அதைச் சாத்தியமாக்கியது டிரிப்சின் செரிப்பு என்ற முறை. இன்றும் இதற்கு நிகராகத் தெளிவான காட்சியைத் தரும் முறைகள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணை 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் குறைந்தது ஒரு நாள், பெரிய கண்ணாக இருந்தால் சில நாட்கள் ஊறவைக்க வேண்டும். பிறகு விழித்திரையைப் பிரித்தெடுத்து, ஃபார்மலின் வாசனை போகும்வரை இரவு முழுவதும் நீரில் கழுவ வேண்டும். அடுத்து 3 சதவீத டிரிப்சின், காரகாடித்தன்மை எண் (pH) 7.8 இருக்கும் டிரிஸ் தாங்கல் கரைசல், வெப்பம் 37 டிகிரி. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் திசுவின் ஓரம் நார்நாராகப் பிரியத் தொடங்கும். அப்போது நீருக்கு மாற்றி, மெல்லிய தூரிகையால் தட்டித்தட்டி நரம்புத் திசுவை உதிர்க்க வேண்டும். உள் எல்லைச் சவ்வை ஒரே தாளாக உரித்துவிட வேண்டும், விட்டால் சாயம் போட்டபின் எல்லாமே இளஞ்சிவப்பு மங்கலாகிவிடும். கடைசியில் மிஞ்சுவது நாள வலை மட்டும். அதைக் கண்ணாடித் தகட்டின் மேல் மிதக்கவிட்டு, மடிப்பு விழாமல் விரித்து உலர்த்தி, சவ்வைக் காட்டும் பிஏஎஸ் சாயமும் உட்கருவைக் காட்டும் ஹீமடாக்சிலினும் போட வேண்டும்.

கெட்டுப்போகும் இடங்கள் தெளிவானவை. ஃபார்மலினில் போதிய நேரம் ஊறாவிட்டால் டிரிப்சின் நாளங்களையும் சேர்த்துத் தின்றுவிடும். மாதக்கணக்கில் ஊறியிருந்தால் நரம்புத் திசு பிடிவாதமாக உதிராது, தூரிகையை அழுத்தினால் தந்துகிகள் அறுபடும். அதைவிட ஆபத்தானது எண்ணிக்கையில் வரும் பிழை. பெரிசைட்டின் உட்கரு சிறியது, உருண்டை, அடர்நிறம், சுவரின் வெளிப்பக்கம் மொட்டு மாதிரி துருத்தி நிற்கும். எண்டோதீலிய உட்கரு நீள்வட்டம், வெளிறியது, நாளத்தின் போக்கிலேயே படுத்திருக்கும். பலர் இரண்டின் விகிதத்தை மட்டும் எண்ணி முடித்துவிடுகிறார்கள். நோய் முற்றியபின் எண்டோதீலிய செல்களும் சாகும் என்பதால், இரண்டும் சேர்ந்து குறைந்து விகிதம் ஓரளவு ஒழுங்காகவே தோன்றும். தந்துகிப் பரப்பில் சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று தனித்தனியே எண்ணாத எந்த அட்டவணையையும் நான் நம்புவதில்லை.

நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையில் அந்த மூவர் கண்டது வெற்றுப் பொதிவுகள். பெரிசைட் இருந்த இடத்தில் அடித்தளச் சவ்வின் பை மட்டும் அப்படியே இருக்கும், உள்ளே உட்கரு இருக்காது. அக்கம்பக்கத்தில் நுண்வீக்கங்கள், செல்லே இல்லாமல் வெறும் சவ்வுக் குழாயாக மாறிய தந்துகிகள். கேள்வி உடனே எழுந்தது. பெரிசைட் செத்ததால் நாளம் கெட்டதா, அல்லது நாளம் கெட்ட பிறகு அதோடு சேர்ந்து பெரிசைட்டும் செத்ததா? இறந்த திசுவைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

1997-இல் சுவீடனைச் சேர்ந்த பெட்ஷோல்ட்ஸ் குழு பிடிஜிஎஃப்-பி மரபணு இல்லாத எலிகளின் தந்துகிகளைக் காட்டியது. மூளைத் தந்துகிகளில் பெரிசைட் கிட்டத்தட்ட இல்லை. நீரிழிவும் இல்லை. ஆனாலும் நுண்வீக்கங்கள் இருந்தன, ரத்தக் கசிவு இருந்தது, குட்டிகள் பிறப்பதற்குச் சற்று முன்னரே இறந்தன. வரிசை அத்துடன் நிலைநாட்டப்பட்டது: முதலில் பெரிசைட் இழப்பு, பிறகு நாளச் சிதைவு. 2002-இல் அதே வழியில் எண்டோதீலியத்தில் மட்டும் அந்த மரபணுவை நீக்கிய எலிகள் உயிரோடு வளர்ந்தன. பெரிசைட் அடர்த்தி எலிக்கு எலி வேறுபட்டது, அது இயல்பில் பாதிக்கும் கீழே போன எலிகளில் விழித்திரையில் கட்டற்ற புதுநாளங்கள் முளைத்தன. இதெல்லாம் பட்டை உவமைக்கும் பொருந்துகிறதே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

உவமை உடையும் இடம்

அதே 2002-இல் ஜப்பானில் ஒரு சோதனை நடந்தது. பிறந்த எலிக்குட்டிகளுக்குப் பிடிஜிஎஃப் பீட்டா ஏற்பியை அடைக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தினார்கள். விழித்திரை நாளங்கள் பெரிசைட் இல்லாமலே வளர்ந்தன. தமனி எது, தந்துகி எது, சிரை எது என்று பிரித்தறிய முடியாத ஊதிய கந்தல் வலை, எங்கும் வீக்கமும் கசிவும். அந்தக் கண்ணுக்குள் ஆஞ்சியோபாயட்டின்-1 புரதத்தைச் செலுத்தியபோது, பெரிசைட் ஒன்றுகூடத் திரும்பாத நிலையிலேயே வலை ஒழுங்குக்கு வந்தது. பெரிய நாளம், சிறிய நாளம் என்ற படிநிலை மீண்டது, வீக்கமும் கசிவும் குறைந்தன. பட்டை கழன்ற பீப்பாயை ஒரு கரைசலை ஊற்றிச் சேர்த்துப் பிடிக்க முடியாது. இங்கே ஒரு புரதம் அதைச் செய்திருக்கிறது. அப்படியென்றால் இழந்தவற்றில் முக்கியமானது ஒரு செய்திதான்.

இன்னும் பெரிய திருப்பம் 2017-இல் வந்தது. வளரும் எலியில் பெரிசைட்டைத் தடுத்தால் நடப்பது எல்லோருக்கும் தெரியும். தென்கொரிய ஆய்வுக் குழு ஒன்று, முழு வளர்ச்சி அடைந்த எலியின் விழித்திரையில் இருந்து பெரிசைட்டுகளைக் குறிவைத்து அழித்தது. கசியும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். கசியவில்லை. ரத்தத்தில் இருப்பவை விழித்திரைக்குள் கசியாமல் காக்கும் ரத்த-விழித்திரைத் தடுப்பு அப்படியே நின்றது. பெரிசைட் இல்லாத நாளம், பார்வைக்கு நல்ல நாளமாகவே இருந்தது. பிறகு, நாளங்களை முளைக்கவும் கசியவும் தூண்டும் விஇஜிஎஃப்-ஏ (சுருக்கமாக விஇஜிஎஃப்) புரதத்துக்கு அந்த நாளங்கள் எப்படி எதிர்வினை செய்கின்றன என்று பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பெரிசைட் உள்ள நாளத்தைவிட அவை அதற்கு மிகை உணர்வோடு துடித்தன. எண்டோதீலிய செல்லுக்குள் ஃபாக்ஸோ-1 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் முடுக்கப்பட்டு, ஆஞ்சியோபாயட்டின்-2 பெருகியது. அது ஆஞ்சியோபாயட்டின்-1 உட்கார வேண்டிய அதே டை-2 ஏற்பியைப் பிடித்துக்கொண்டு அமைதிச் செய்தியை மறித்தது. அமைதி குலைந்தால் ஃபாக்ஸோ-1 இன்னும் முடுக்கப்படும், ஆஞ்சியோபாயட்டின்-2 இன்னும் கூடும். ஒன்றை ஒன்று ஊட்டி வளர்க்கும் சுழல். ஆஞ்சியோபாயட்டின்-2-ஐ அடைத்தாலோ டை-2-ஐத் தூண்டினாலோ தடுப்புச் சிதைவு பெரிதும் குறைந்தது.

இதை 1998-இல் வந்த இன்னொரு கண்டுபிடிப்போடு சேர்த்துப் படிக்கும்போதுதான் எனக்கு முழுப் படம் கிடைத்தது. விழித்திரையில் நாளம் முளைத்த நேரத்துக்கும் பெரிசைட் வந்து போர்த்தும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் விஇஜிஎஃப் குறைந்தால், போர்வை இல்லாத நாளங்கள் மடிந்துவிடும், போர்த்தப்பட்டவை பிழைக்கும். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயின் முதல் கட்டம் இதுவே. கருப்பையில் இருப்பதைவிட அதிக ஆக்சிஜன் கிடைத்ததும் விஇஜிஎஃப் சரிகிறது, போர்வையற்ற இளம் நாளங்கள் மடிகின்றன. பின்னால் விழித்திரை ஆக்சிஜனுக்கு ஏங்கும்போது விஇஜிஎஃப் பொங்கி, கட்டற்ற நாளங்கள் முளைக்கின்றன.

ஆக, பெரிசைட் இல்லாத நாளம் விஇஜிஎஃப் கூடினால் கசிகிறது, குறைந்தால் சாகிறது. இரண்டு திசையிலும் அந்த ஒரு புரதத்தின் கைப்பிடியில் இருக்கிறது. பெரிசைட் உள்ள நாளமோ, அதே ஏற்ற இறக்கத்தில் கூடுமானவரை தன் பாட்டுக்கு இருக்கிறது. நாளச் சுவரின் உறுதி என்பது அழுத்தத்தைத் தாங்கும் பலத்தைவிட, சுற்றிலும் கேட்கும் ஒவ்வொரு அபாயக் கூவலுக்கும் எழுந்து ஓடாமல் இருக்கும் திறன் என்பது என் முடிவு. அந்தத் திறனைக் கொடுப்பது பெரிசைட்.

விழித்திரையிலிருந்து சற்று விலகி மூளையைப் பார்த்தால் நிலைமை இவ்வளவு நேர்த்தியாக இல்லை. 2010-இல் வந்த இரண்டு ஆய்வுகள், பெரிசைட் குறைந்த எலிகளின் மூளைத் தடுப்பு கசிவதைக் காட்டின. கசிவு செல்களுக்கு நடுவே உள்ள பூட்டுகள் பிளந்து வரவில்லை. எண்டோதீலிய செல் தன் உள்ளே பைகளில் ஏற்றி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்தியதால் வந்தது. அதுவும் செல்லின் நடத்தை மாற்றம்தான், சுவர் கிழிசல் அல்ல. தந்துகியின் விட்டத்தைப் பெரிசைட் சுருக்குகிறதா என்பது தனிச் சண்டை. ரத்த ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, விட்டம் 10 சதவீதம் சுருங்கினாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதால் அது சின்ன விஷயமும் அல்ல. ஆனால் இன்றைய கேள்வி அதுவல்ல.

கண்ணுக்குத் தெரியாத ஆண்டுகள்

இதன் நடைமுறை விளைவு கண் மருத்துவத்தில் நேராக இறங்குகிறது. நீரிழிவில் விழித்திரையைச் சோதிக்க, 10 சதவீத ஃபுளூரசின் கரைசல் 5 மில்லிலிட்டரைச் சிரையில் செலுத்திப் படமெடுப்பார்கள். அந்தப் படத்தில் கசிவு தெரியும், நுண்வீக்கம் தெரியும், அடைபட்ட தந்துகிப் பகுதி தெரியும். பெரிசைட் தெரியாது. 2017 சோதனை சொல்வதைக் கவனமாக எடுத்துக்கொண்டால், பெரிசைட்டுகளை நிறைய இழந்துவிட்ட ஒரு விழித்திரையும் சுத்தமான படத்தைத் தரலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்றால் இப்போது கசிவு இல்லை என்பது மட்டுமே பொருள். அடுத்த விஇஜிஎஃப் அலையைத் தாங்குமா என்பதை அது சொல்லாது.

சர்க்கரை எப்படிப் பெரிசைட்டைக் கொல்கிறது என்பதில் பல பாதைகள் உண்டு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2009-இல் விவரிக்கப்பட்டது. ரத்தச் சர்க்கரை கூடிய நிலையில் பிகேசி-டெல்டா என்ற நொதி முடுக்கப்பட்டு, எஸ்எச்பி-1 என்ற இன்னொரு நொதியைக் கூட்டுகிறது. அது பிடிஜிஎஃப் பீட்டா ஏற்பியில் ஏறிய பாஸ்பேட்டை உருவிவிடுகிறது. காரணி வருகிறது, ஏற்பியில் உட்காருகிறது, செல்லுக்குள் 'உயிரோடு இரு' என்ற செய்தி மட்டும் போய்ச்சேர்வதில்லை. எலிகளில் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இயல்புக்குக் கொண்டுவந்த பிறகும் அந்த நொதி அடங்கவில்லை.

மனிதர்களில் இதற்கு ஒத்துப்போகும் ஆதாரம், நீரிழிவுக் கட்டுப்பாட்டையும் சிக்கல்களையும் பற்றி 1993-இல் வெளியான டிசிசிடி ஆய்வு. முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால், சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு விழித்திரை நோய் புதிதாக வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. தொடக்கத்திலேயே லேசான பாதிப்பு இருந்தவர்களுக்கு, அது முற்றும் வாய்ப்பு 54 சதவீதம்தான் குறைந்தது. ஆய்வு முடிந்து இரு தரப்பின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்ட பிறகும் பல ஆண்டுகளுக்குத் தீவிரக் கட்டுப்பாட்டுத் தரப்பின் சாதகம் நீடித்தது. முன்கூட்டியே பிடித்தால் கிடைக்கும் பலன், பின்னால் பிடித்தால் அதே அளவுக்குக் கிடைப்பதில்லை. இதற்குப் பெரிசைட் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் செத்த பெரிசைட்டுக்கு மாற்று எளிதில் வருவதில்லை என்பதோடு இது பொருந்துகிறது.

சிகிச்சையில் இன்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் அலையை அடக்கும் மருந்துகள். ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் போன்றவை விஇஜிஎஃப்பைப் பிடித்துக்கொள்கின்றன. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபாரிசிமாப், விஇஜிஎஃப்-ஏவோடு ஆஞ்சியோபாயட்டின்-2-ஐயும் அடைக்கிறது. மேலே சொன்ன சுழலை இரண்டு இடத்தில் வெட்டும் யோசனை அது, எனக்கு அந்தத் தர்க்கம் பிடித்திருக்கிறது. ஆனாலும் பெரிசைட் இருந்த வெற்றுப் பொதிவு அப்படியே இருக்கும், மருந்தின் பிடி தளர்ந்தால் நாளம் மறுபடி அதே மிகை உணர்வோடு காத்திருக்கும்.

பெரிசைட்டையே திரும்பக் கொண்டுவர, பிடிஜிஎஃப்-பியை ஊசியாகப் போட்டால் என்ன என்று தோன்றும். வால் வெட்டிய எலிகள் அதற்கான பதிலை முன்கூட்டியே சொல்லிவிட்டன. காரணி நாளத்தின் தோலோடு ஒட்டி நிற்க வேண்டும், எங்கும் பரவி நின்றால் பெரிசைட்டுக்குத் திசை தெரியாது. அந்த ஏற்பி நார்த்திசு செல்களிலும் இருப்பதால், பரவிய காரணி விழித்திரையில் தழும்புச் சவ்வைத்தான் வளர்க்கும். நீரிழிவில் ஏற்பியின் உள்வழி எஸ்எச்பி-1-ஆல் அடைபட்டிருக்கும்போது, வெளியிலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் செல் கேட்காது. முதலில் அந்த அடைப்பை எடுக்க வேண்டும், பிறகு காரணியைச் சுவரில் நிறுத்த வேண்டும், அதுவரை டை-2 ஏற்பியை யாராவது அமைதிப்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். மூன்றில் கடைசி ஒன்றுக்கு மட்டுமே இன்று ஓரளவு மருந்து இருக்கிறது.